அப்பாகிட்ட எடுக்குற சாம்பிளுக்கும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம்?

உங்க கேள்விய ஒரு தடவ சுருக்கமா சொல்லிக்கிறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். 72 வயசு அப்பா, மூத்திரத் தொற்று ரத்தத்துக்குப் பரவி ஆஸ்பத்திரில இருக்காரு. அந்த நேரம் பாத்து ஆராய்ச்சி டீம்னு வந்து கையெழுத்து கேக்குறாங்க. புது மருந்தோ ஊசியோ கிடையாதாம், கொஞ்சம் ரத்தம், யூரின், கல்ச்சர்ல (ரத்தத்தையோ யூரினையோ லேப்ல வச்சு கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) வளந்த கிருமி, பழைய கேஸ் ஷீட், அப்புறம் மூணு மாசம் வரைக்கும் போன் பண்ணி விசாரிப்பாங்களாம், எல்லாம் வயசானவங்களுக்கு தடுப்பூசி கண்டுபிடிக்கவாம். "தடுப்பூசிய லேப்ல தானே செய்வாங்க, எங்க அப்பாவ வச்சு என்ன பண்ணப் போறாங்க, சோதனை எலியா ஆக்குறாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க.

நான் தொற்றுநோய் ஆராய்ச்சி பக்கம் வேலை பாக்குறவன். நீங்க சொல்றத வச்சுப் பாத்தா இது வெறுமனே கவனிச்சு எழுதிக்கிற வகை ஆய்வு, அப்பாவுக்குக் குடுக்குற சிகிச்சைல ஒரு மாத்திரை கூட மாறாது. ஆனா "வெறுமனே"ன்னு நான் சொன்னத வச்சு இது சின்ன வேலைன்னு எடுத்துக்காதீங்க. பெரியவங்களுக்கான தடுப்பூசி பல வருஷமா தடுமாறுறதுக்கு லேப்ல ஊசி செய்யத் தெரியாதது மட்டும் காரணம் இல்ல. எந்தக் கிருமி, அதுல எந்த ரகம், எத்தனை பேருக்கு, யாருக்கு வருது, வந்தப்புறம் அவங்க என்ன ஆகுறாங்கங்கறதெல்லாம் சரியா தெரியாம டிரையல்ல, அதாவது ஊசிய மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பாக்குற வேலைல, இறங்கினா என்ன நல்ல ஊசியா இருந்தாலும் அதோட பலன கண்ணால பாக்க முடியாது.

முதல்ல விஷயம் எவ்வளவு பெருசுன்னு பாருங்க. 2019ல உலகம் முழுக்க 33 வகை பாக்டீரியாவால 77 லட்சம் பேர் இறந்திருக்காங்கன்னு ஒரு பெரிய கணக்கு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, அந்த வருஷம் நடந்த மொத்த சாவுல 13.6 சதவீதம். அதுலயும் பாதிக்கு மேல அஞ்சே கிருமிங்க தான்: ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை, நிமோகாக்கஸ் (நிமோனியா உண்டாக்குற ஒரு கிருமி), கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ். அதே குழு 2024ல இன்னொரு கணக்கு போட்டாங்க, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியால வர்ற சாவு பத்தி. 1990லேர்ந்து 2021க்குள்ள அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்ககிட்ட அது பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, 70 வயசுக்கு மேல உள்ளவங்ககிட்ட 80 சதவீதத்துக்கு மேல கூடியிருக்கு. பிள்ளைங்களுக்கு தடுப்பூசியும் சுத்தமான தண்ணியும் போய்ச் சேந்துச்சு, பெரியவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது ஆனா அவங்களுக்குன்னு யோசிச்சு செஞ்ச தடுப்பூசி விரல் விட்டு எண்ணிடலாம். இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம்.

சரி, உங்க அப்பா விஷயத்துக்கு வர்றேன். வயசானவங்க உடம்புல தொற்று வந்தா அது தொற்றுன்னே சில நேரம் தெரியாது. நூத்துல 20, 30 பேருக்கு கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் சரியா காட்டாது, காட்டினாலும் லேசா தான் இருக்கும். அதுக்கு பதிலா திடீர்னு குழம்பிப் பேசுவாங்க, சாப்பிட மாட்டாங்க, பாத்ரூம் போறப்போ விழுந்துடுவாங்க, வீட்ல எல்லாரும் வயசாயிடுச்சு அதான்னு நினைச்சுக்குவாங்க. இப்படி வர்றவங்க கேஸ் ஷீட்ல "கீழே விழுந்தார்"னு தான் முதல்ல ஏறும். பின்னாடி யாராவது பழைய ரெக்கார்டு மட்டும் வச்சு இந்த ஊர்ல பெரியவங்களுக்கு ரத்தத் தொற்று எவ்வளவுன்னு கணக்கெடுத்தா இவங்க அதுல வரவே மாட்டாங்க. ஆராய்ச்சி டீம் ஆஸ்பத்திரில வந்து உக்காந்து நோயாளிய நேர்ல பாத்து எழுதுறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதுக்கு நேர் எதிரான குழப்பமும் இருக்கு. முதியோர் பராமரிப்பு இல்லங்கள்ல இருக்குற பெண்கள்ல கால்வாசிலேர்ந்து பாதிப் பேர் வரைக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாமலே மூத்திரத்துல பாக்டீரியா இருக்கும். ஆண்கள்ல கொஞ்சம் கம்மி. அப்போ மயக்கமா வந்த ஒருத்தரோட யூரின்ல ஈ.கோலை வளந்துடுச்சுன்னு அதனால தான் மயக்கம்னு சொல்லிட முடியுமா? முடியாது. அதனால ஈ.கோலை தடுப்பூசி ஆய்வுல எல்லாம் நோய்க்கு கறாரா ஒரு வரையறை வச்சிருப்பாங்க: ரத்தம் மாதிரி கிருமியே இருக்கக் கூடாத இடத்துல அது வளந்திருக்கணும், இல்லன்னா யூரின்ல வளந்து கூடவே செப்சிஸ் (தொற்று முத்தி உறுப்புகளே பாதிக்கப்படுற ஆபத்தான நிலை) அறிகுறியும் இருக்கணும், அந்த செப்சிஸுக்கு வேற மூலம் எதுவும் இருக்கக் கூடாது. உங்க அப்பாவோட பிபி, மூச்சு வேகம், கிட்னி வேலைய காட்டுற கிரியாட்டினின், பிளேட்லெட்டுன்னு எல்லாத்தையும் அவங்க குறிச்சுக்கிறது அந்த வரையறைக்குள்ள அவர் வர்றாரான்னு பாக்கத் தான்.

பிளட் கல்ச்சர் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா எத்தனை தடவ ரத்தம் எடுக்குறாங்கன்னு வீட்ல உள்ளவங்க கோவப்படுறத நிறைய பாத்திருக்கேன். பெரியவங்க ரத்தத் தொற்றுல ஒரு மில்லி ரத்தத்துல ஒரு கிருமி கூட இல்லாம இருக்கலாம், அவ்வளவு கம்மியா தான் ஓடும். அதனால தான் ஒரு பாட்டிலுக்கு 8, 10 மில்லின்னு, ரெண்டு செட் எடுக்கச் சொல்றாங்க. கம்மியா எடுத்தா கிருமி சிக்காம போயிடும். ஆன்டிபயாட்டிக் போட்டப்புறம் எடுத்தாலும் சிக்குற வாய்ப்பு நல்லாவே குறையும். ஆனா செப்சிஸ்னு சந்தேகம் வந்தா மருந்த தள்ளிப் போடவும் முடியாது, அதனால மருந்துக்கு முந்தின அந்த கொஞ்ச நேரத்துக்குள்ள சரியா எடுத்தாகணும். ஒரு ஊர்ல கேஸ் கம்மியா தெரிஞ்சா அங்க நோய் கம்மின்னு அர்த்தம் இல்ல, கல்ச்சர் எடுக்குற பழக்கம் கம்மியா கூட இருக்கலாம். இத பிரிச்சுப் பாக்காம போட்ட கணக்க வச்சு ஒரு அரசாங்கம் தடுப்பூசி வேணுமா வேண்டாமான்னு முடிவு எடுத்தா அது தப்பாத் தான் போகும்.

இப்போ அந்த வளந்த கிருமிய எதுக்குக் கேக்குறாங்கன்னு பாப்போம், இது தான் உங்க கேள்விக்கு நேரடி பதில். ஈ.கோலைன்னு ஒரே பேர் இருந்தாலும் அதோட மேல் பக்கம் ஓ ஆன்டிஜென்னு ஒரு சர்க்கரை சங்கிலி இருக்கு, அது ரகத்துக்கு ரகம் மாறும், நூத்துக்கு மேல ரகம் இருக்கு. நிமோகாக்கஸுக்கும் அப்படித்தான், வெளில உள்ள சர்க்கரை உறைய வச்சு 100க்கு மேல வகை பிரிச்சிருக்காங்க. தடுப்பூசில எல்லாத்தையும் போட முடியாது, நோய் உண்டாக்குற முக்கியமான ரகத்த மட்டும் பொறுக்கித் தான் போடணும். எத பொறுக்குறது? உங்க அப்பா மாதிரி நிறைய பேர் ரத்தத்துலேர்ந்து எடுத்த கிருமிகள வரிசையா வகை பிரிச்சுப் பாத்தாத் தான் தெரியும். ஓ25பின்னு ஒரு ரகம், நிறைய ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஒரு ஈ.கோலை வம்சம் பல நாட்டுல பரவினதோட சேந்து முன்னுக்கு வந்துச்சு, அது முக்கியம்னு தெரிஞ்சதே இந்த மாதிரி சேத்து வச்ச கிருமிகள ஆராய்ஞ்சு தான்.

இதுலயும் இடத்துக்கு இடம் மாறுது பாருங்க. அமெரிக்காவுல 2024 ஜூன்ல 21 வகை நிமோகாக்கஸ அடக்குற தடுப்பூசிக்கு அனுமதி குடுத்தாங்க, பெரியவங்களுக்கு எந்த வகை அதிகம் வருதுன்னு பாத்து பொறுக்கின பட்டியல். அதுல 4ங்கற வகை கிடையாது, ஏன்னா பல இடத்துல அது ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஆனா அலாஸ்கா, நியூ மெக்சிகோ, நவாஹோ பழங்குடி மக்கள் பகுதின்னு சில இடத்துல அந்த 4 தான் இன்னும் நிறைய ஆள சாய்க்குது. அங்க உள்ளவங்களுக்கு 4 இருக்குற வேற ஊசி தான் பொருத்தம்னு தனியா சொல்ல வேண்டி வந்துச்சு. அங்க யாரும் உக்காந்து எண்ணாம இருந்திருந்தா அந்த ஜனங்களுக்குத் தேவையான ஊசி போய்ச் சேந்திருக்காது. இன்னொண்ணு, பிள்ளைங்களுக்குப் போட்டாலும் பெரியவங்க பக்கம் மாறும். 2000ல அமெரிக்காவுல குழந்தைங்களுக்கு 7 வகை நிமோகாக்கஸ் ஊசி ஆரம்பிச்சதும் ஊசியே போடாத தாத்தா பாட்டிங்களுக்கு அந்த 7 வகை நோய் இறங்கிடுச்சு, குழந்தைங்க மூக்குலேர்ந்து தான் அது அவங்களுக்குப் போயிக்கிட்டு இருந்திருக்கு. கொஞ்ச வருஷத்துல அந்த இடத்துக்கு 19ஏன்னு வேற வகை ஏறி வந்துச்சு. அதனால இத ஒரு தடவ எண்ணிட்டு நிறுத்திட முடியாது, எண்ணிக்கிட்டே இருக்கணும்.

யூரின் எதுக்குன்னும் கேட்டிருந்தீங்க. டீம் என்ன சோதனை பண்ணப் போறாங்கங்கறது அவங்க ஃபார்ம்ல இருக்கும், ஆனா யூரின் எவ்வளவு பெரிய வேலை செய்யும்னு காட்ட எனக்குத் தெரிஞ்ச சிறந்த உதாரணம் நெதர்லாந்துல நடந்த காபிட்டா டிரையல். 65 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஏறக்குறைய 85,000 பேர், பாதிப் பேருக்கு 13 வகை நிமோகாக்கஸ் தடுப்பூசி, பாதிப் பேருக்கு பிளாசிபோ (மருந்து இல்லாத வெறும் ஊசி), 2015ல ரிசல்ட் வந்துச்சு. பிரச்சனை என்னன்னா வயசானவங்க நிமோனியாவுல பெரும்பாலும் ரத்தத்துல கிருமி வளராது, சளி எடுக்கவும் கஷ்டம், எந்தக் கிருமியால வந்துச்சுன்னே சொல்ல முடியாம போயிடும். அதனால அந்த 13 வகையோட சர்க்கரை யூரின்ல இருக்கான்னு கண்டுபிடிக்க தனியா ஒரு டெஸ்ட் உருவாக்கினாங்க. அத வச்சு பாத்தப்போ தான் தடுப்பூசில உள்ள வகையால வந்த நிமோனியா பிளாசிபோ பக்கம் 90 பேர், தடுப்பூசி பக்கம் 49 பேர்னு தெளிவா தெரிஞ்சுது, 45.6 சதவீதம் பாதுகாப்பு. ரத்தம் வரைக்கும் போற கடுமையான நோய்க்கு 75 சதவீதம். இப்போ யோசிங்க, அந்த யூரின் டெஸ்ட் இல்லாம எல்லா வகை நிமோனியாவையும் ஒண்ணா சேத்து எண்ணியிருந்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா தான் இருந்திருக்கும், நல்ல ஊசிய உதவாதுன்னு ஒதுக்கியிருப்பாங்க. எனக்கு இந்த டிரையல் மேல தனி மரியாதை உண்டு, நோய எப்படி அளக்குறதுன்னு முதல்ல உக்காந்து யோசிச்சுட்டு அப்புறம் ஊசிய சோதிச்சாங்க. (அப்பா தேறினதும் நிமோகாக்கஸ் தடுப்பூசி அவருக்குப் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டு வைங்க, அது ஏற்கனவே கைல இருக்குற ஊசி, இந்த ஆராய்ச்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.)

தோத்த கதைகளும் தெரிஞ்சுக்கணும். உங்க அப்பாவுக்கு வந்த மாதிரி ரத்தத்துக்குப் பரவுற ஈ.கோலை தொற்றுக்கே ஒரு தடுப்பூசி கடைசி கட்டம் வரைக்கும் வந்துச்சு, ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆரம்பிச்சு பின்னாடி சனோஃபி கூட சேந்து பண்ணினது. 9 ஓ ரகம் உள்ள ஊசி, 60 வயசுக்கு மேல, முந்தின ரெண்டு வருஷத்துல மூத்திரத் தொற்று வந்தவங்கள தேடிச் சேத்தாங்க, அவங்களுக்குத் தான் திரும்பப் பெருசா வர வாய்ப்பு அதிகம்னு. 2025 பிப்ரவரில நடுவுல பாத்த கண்காணிப்புக் குழு, பிளாசிபோவோட ஒப்பிட்டா போதுமான பலன் இல்லன்னு சொன்னதால கம்பெனிங்க நிறுத்திட்டாங்க. அத கேட்டப்போ இந்தத் துறைல உள்ள எங்க எல்லாருக்கும் மனசு கனத்துப் போச்சு. ஸ்டெஃபிலோகாக்கஸ் கதை இன்னும் கஷ்டம். மெர்க் கம்பெனியோட வி710ங்கற ஊசிய நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கப் போற ஏறக்குறைய 8,000 பேர்கிட்ட சோதிச்சாங்க, 2011ல நிறுத்த வேண்டியதா போச்சு. பலன் இல்லங்கறது மட்டும் இல்ல, அந்தத் தொற்று வந்தவங்கள்ல ஊசி போட்டவங்க தான் அதிகமா இறந்திருந்தாங்க. ஃபைசரோட ஸ்டெஃபிலோகாக்கஸ் ஊசி முதுகெலும்பு ஆபரேஷன் நோயாளிகள்கிட்ட 2018ல நின்னுச்சு, அதுல ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு செய்யுற புரதம்) நல்லாவே உண்டாச்சு, ஆனா நோய தடுக்கல. லேப்ல நல்ல நம்பர் வந்துட்டா போதும்னு இருந்துட முடியாதுங்கறதுக்கு இதவிட சாட்சி வேண்டாம். தொற்று வந்த மனுஷங்ககிட்ட எந்த எதிர்ப்பு சக்தி இருந்தவங்க தப்பிச்சாங்க, எது இல்லாதவங்க தப்பல்லங்கறத அவங்க ரத்தத்துலேர்ந்து தான் கத்துக்கணும். அப்பாகிட்ட இப்போ ஒரு தடவையும் தேறினப்புறம் ஒரு தடவையும் ரத்தம் கேட்டா அதுக்காகத் தான் இருக்கும்.

எத அளக்குறதுங்கறதும் தலையெழுத்த மாத்தும். சி.டிஃபிசில்னு ஒரு குடல் கிருமி, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட வயசானவங்கள பேதில போட்டு வாட்டும். ஃபைசர் அதுக்கு 50 வயசுக்கு மேல உள்ள 17,500 பேருக்கு மேல டிரையல் நடத்தினாங்க, நோய் வராம தடுக்குதாங்கறது தான் முக்கிய கேள்வி, அதுல பாஸ் ஆகல. ஆனா உள்ள பாத்தா மருத்துவ உதவி தேவைப்படுற அளவுக்கு நோய் முத்தினவங்க பிளாசிபோ பக்கம் 11 பேர், தடுப்பூசி பக்கம் ஒருத்தர் கூட இல்ல. வயசானவங்களுக்கு எது முக்கியம், பேதியே வராம இருக்கறதா, வந்தாலும் ஆஸ்பத்திரி போகாம இருக்கறதா? என்னைக் கேட்டா ரெண்டாவது தான். இந்த முடிவ டிரையல் தொடங்குறதுக்கு முன்னாடியே எடுக்கணும், அதுக்கு நோய் இயற்கையா எப்படிப் போகும், எத்தனை பேருக்கு முத்தும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

எண்ணிக்கை எதுக்குன்னு ஒரு கணக்கு சொல்றேன், நம்பர் சும்மா உதாரணத்துக்கு. ஆயிரம் பேர்ல வருஷத்துக்கு ரெண்டு பேருக்கு ஒரு நோய் வருதுன்னு நம்பி பத்தாயிரம் பேர சேக்குறீங்க, பாதிக்கு ஊசி பாதிக்கு பிளாசிபோ. ரெண்டு வருஷத்துல பிளாசிபோ பக்கம் 20 கேஸ், ஊசி 60 சதவீதம் வேலை செஞ்சா இந்தப் பக்கம் 8. வித்தியாசம் தெரியுது. ஆனா உண்மைல ஆயிரத்துக்கு அரை பேருக்குத் தான் வருதுன்னா அதே ஊசி, அதே பத்தாயிரம் பேர், 5க்கு 2ன்னு தான் வரும், அது தற்செயலா கூட வந்திருக்கலாம்னு எந்த அதிகாரியும் ஏத்துக்க மாட்டாங்க. கோடிக்கணக்குல காசும், நம்பி வந்தவங்க நேரமும் வீணாகும். ரெண்டா அரையான்னு முன்கூட்டி சொல்றது இப்போ உங்க அப்பா வார்டுல நடக்குற மாதிரியான ஆய்வு தான்.

வயசானவங்களுக்கு எதிர்ப்பு சக்தி போச்சு, ஊசி போட்டு என்ன பிரயோஜனம்னு சிலர் சொல்லுவாங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன். தைமஸ் சுரப்பி சுருங்கி புது டி செல்கள் (கிருமிய எதிர்க்குற ஒரு வகை அணுக்கள்) குறைஞ்சு போறது உண்மை தான். ஆனா அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் ஊசி, அது வைரஸுக்கு தான்னாலும், 50 வயசுக்கு மேல 97 சதவீதமும் 70க்கு மேல ஏறக்குறைய 90 சதவீதமும் வேலை செஞ்சுச்சு, அதுல சேத்த, எதிர்ப்பு சக்திய உசுப்பி விடுற தூண்டுபொருள் அப்படி. வயச நல்லா புரிஞ்சுக்கிட்டு செஞ்சா வயசு ஒரு முட்டுக்கட்டையே இல்ல. ஆனா டிரையல்ல சேக்குறது பெரும்பாலும் நடமாடுற, தானா கையெழுத்து போடுற 70 வயசுக்காரங்கள. படுக்கைல கிடக்குற, ஞாபக மறதி உள்ள, பத்து மாத்திரை சாப்பிடுற 85 வயசுக்காரங்க வெளில நிப்பாங்க, நோய் அவங்களத் தான் அதிகம் கொல்லுது. அதனால தான் அப்பா முன்னாடி எவ்வளவு நடப்பாரு, தானா குளிப்பாரா, சாப்பிடுவாரான்னு உங்ககிட்ட விசாரிக்கிறாங்க, கேக்க சங்கடமா இருந்தாலும் உள்ளத சொல்லுங்க.

கையெழுத்து விஷயம். மறுத்தா சிகிச்சைல எதுவும் மாறக் கூடாது, அத அவங்க வாயால சொல்ல வைங்க. தனியா குத்தி எடுப்பாங்களா, இல்ல வழக்கமா எடுக்குறப்போவே கொஞ்சம் சேத்து எடுப்பாங்களா, மொத்தம் எத்தனை மில்லி, சாம்பிள எத்தனை வருஷம் வச்சிருப்பாங்க, அப்பாவோட மரபணுவ பாப்பாங்களா கிருமியோடத மட்டுமா, பேர எடுத்துட்டு கோட் போட்டு தான் வெளில போகுமா, நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா, யார் காசு குடுக்குறாங்க, இதெல்லாம் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, நல்ல டீம்னா பொறுமையா பதில் சொல்லுவாங்க. அவசரப்படுத்தினா மறுத்துடலாம். இப்போ அப்பா தெளிவா இல்லன்னு நீங்க போட்டாலும், தெளிஞ்சதும் அவர்கிட்டயே திரும்ப எடுத்துச் சொல்லி சம்மதம் வாங்கணும், அவர் வேண்டாம்னா வேண்டாம் தான், எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்.

சேர்றதா முடிவு பண்ணினா அந்த மூணு மாசப் போன மட்டும் விட்டுடாதீங்க. 2010ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, கடுமையான செப்சிஸ்லேர்ந்து பொழச்ச வயசானவங்களுக்கு ஞாபகம், யோசனை எல்லாம் மோசமா குறையுற வாய்ப்பு மூணு மடங்குக்கு மேல கூடினதும், முன்னாடி தானா செஞ்ச வேலைகளுக்கு மத்தவங்க கைய எதிர்பாக்குற நிலை வந்ததும் பதிவாச்சு. டிஸ்சார்ஜ் ஷீட்ல "தேறி வீட்டுக்குப் போனார்"னு மட்டும் தான் இருக்கும், வீட்டுக்குப் போயி என்ன ஆச்சுன்னு போன்ல தான் தெரியும். போன் எடுக்காம விட்டுப் போறவங்க பெரும்பாலும் ரொம்ப முடியாம போனவங்களா இருப்பாங்க, அவங்க கணக்குலேர்ந்து விழுந்துட்டா நோய் இருக்குறத விட லேசா தெரியும். அதனால உங்க நம்பரோட வீட்ல இன்னொருத்தர் நம்பரும் சேத்துக் குடுத்துடுங்க, அப்பா நல்லா இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, எடுத்து உள்ளபடி சொல்லுங்க.